சிறையைச் செப அறையாக்கிய புனிதர்



களைப்பு என்பது உடலுக்கு மட்டும் உரியதன்று. எட்டு மணி நேரம் உறங்கி எழுந்த பின்னரும் களைப்பு நீங்காத மனிதர் நம்மிடையே பலர் உளர். விடுமுறையில் நுவரெலியா சென்று திரும்பிய குடும்பம், வீடு வந்து சேர்ந்த மறுநாளே சோர்ந்து போய் அமர்ந்திருப்பதைக் காண்கின்றோம். உடல் ஓய்ந்திருக்கின்றது; உள்ளம் ஓயவில்லை. அதனாலேயே ஓய்வும் ஓய்வாக அமைவதில்லை.

இதனை நன்கு அறிந்தவர் நம் ஆண்டவர். பணிக்கு அனுப்பப்பட்ட திருத்தூதர்கள் திரும்பி வந்து, தாம் செய்தவற்றையெல்லாம் எடுத்துரைத்தபோது, உண்பதற்கும் நேரமில்லாத அவர்களது நிலையை அவர் கண்டார்; தனிமையான ஓரிடத்திற்குச் சென்று இளைப்பாறும்படி அழைத்தார் என மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். பணி முடிந்துவிட்டது என்பதால் அவர் அவ்வாறு அழைக்கவில்லை. பணி முடியாது என்பதாலேயே அழைத்தார்.

ஆனால் நேரம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. வெள்ளவத்தையில் காலி வீதியின் இரைச்சல் நள்ளிரவிலும் அடங்குவதில்லை. அலுவலகம் விட்டு வீடு வந்தால் பிள்ளைகளின் ரியூசன்; அது முடிந்தால் சமையல்; அதன் பின்னர் தொலைக்காட்சி; இப்போது அதனுடன் கைத்தொலைபேசியும் சேர்ந்துகொண்டது. கொட்டாஞ்சேனையில் விடியுமுன்னே கடை திறக்க வேண்டியவர்களும், வாடகைக்கும் மருந்துக்கும் கணக்குப் பார்த்துக் கண் மூடுபவர்களும் எத்தனையோ பேர். அறையொன்றில் நால்வர் வாழும் வீட்டில் அமைதியான மூலைக்கு எங்கே போவது?

இக்கேள்விகளை மனத்தில் இருத்திக்கொண்டே, இன்று ஒரு புனிதரின் வாழ்வைச் சிந்திப்போம். நம்மிடம் இருக்கும் வசதியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாதிருந்தவர் அவர். அவரது பெயர் நம் அனைவருக்கும் தெரியும். ஆண்டுதோறும் தைப்பொங்கலை அடுத்து, சனவரி 16ஆம் திகதி அவரது திருநாளைக் கொண்டாடுகின்றோம். அவரே இலங்கையின் திருத்தூதர் எனப் போற்றப்படும் புனித யோசப்வாஸ் அடிகளார். அவர் ஆற்றிய பணிகளைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கின்றோம். அப்பணிகளுக்கெல்லாம் வேராக அமைந்திருந்த அமைதியைப் பற்றிக் கேட்டது குறைவு.

மூடிய கதவின் முன் முழந்தாளிட்டவர்

கோவா நாட்டின் பெனோலிம் என்னும் ஊரில், தாயாரின் இல்லத்தில், 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் திகதி யோசப்வாஸ் பிறந்தார். தந்தையார் சங்கோலே என்னும் ஊரைச் சேர்ந்தவர். பக்தியில் ஊறிய கொங்கணிக் குடும்பம் அது. சிறுவயதிலேயே அவர் ஆலயத்தை நாடிச் செல்வார் என்றும், கதவு மூடியிருந்தால் திரும்பிவிடாமல் வாசலிலேயே முழந்தாளிட்டுச் செபிப்பார் என்றும் அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். இச்சிறு பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் அவர் செல்லவிருந்த நாட்டில் ஆலயக் கதவுகள் அனைத்தும் மூடப்பட்டே இருந்தன. மூடிய கதவின் முன்னும் செபிக்கப் பழகிய ஒருவரையே இறைவன் அங்கு அனுப்பத் திட்டமிட்டிருந்தார் போலும்!

கோவாவில் இயேசு சபையினரின் புனித பவுல் கல்லூரியிலும், தொமினிக்கன் சபையினரின் கல்விக்கூடத்திலும் கற்ற அவர், 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். குருவான நாள் முதல் ஏழைகளைப் போல வெறுங்காலுடன் நடந்தார். மறுஆண்டு, 1677இல், தம்மை அன்னை மரியாவின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஓலை எழுதிக் கையொப்பமிட்டார். எங்கே போவது, என்ன செய்வது என்று முடிவெடுக்கும் முன்னர், தாம் யாருக்கு உரியவர் என்பதை அவர் முடிவு செய்துகொண்டார். நமது அமைதியின்மைக்குக் காரணம் பெரும்பாலும் இந்த வரிசை மாறிப்போவதே அன்றோ? செய்ய வேண்டியவற்றின் பட்டியல் நீள்கின்றது. நாம் யாருக்கு உரியவர்கள் என்னும் கேள்வியோ கேட்கப்படாமலே கிடக்கின்றது.

குருக்கள் இன்றித் தவித்த இலங்கைக் கத்தோலிக்கரைப் பற்றி அவர் கேள்வியுற்றார். அங்கு செல்ல ஆவல் கொண்டார். ஆயினும் மேலிடத்தார் 1681இல் அவரைக் கன்னட நாட்டின் கடற்கரைப் பகுதிக்கு அனுப்பினர். தமது விருப்பம் தள்ளிப் போனதற்காக அவர் மனம் கசக்கவில்லை. மங்களூர் முதலிய இடங்களில் மூன்று ஆண்டுகள் உழைத்து, சிதைந்து கிடந்த ஆலயங்களை எழுப்பி, சிதறிக் கிடந்த மக்களை ஒன்றுசேர்த்து, 1684இல் கோவா திரும்பினார்.

திரும்பியவர் அடுத்த பணியைத் தேடி உடனே ஓடவில்லை. பழைய கோவாவில், அற்புதச் சிலுவை ஆலயத்தில், செபத்திலும் ஒறுத்தலிலும் ஒன்றாக வாழ விரும்பிய சில குருக்கள் கூடியிருந்தனர். அவர்களோடு அவரும் இணைந்தார். அவர்கள் உரோமையில் புனித பிலிப்பு நேரியார் நிறுவிய ஒறற்றோரியன் சபையின் ஒழுங்கைத் தழுவி, 1685இல் முறைப்படி ஒரு குழுமமாயினர். யோசப்வாஸ் அதன் தலைவரானார். ஒறற்றோரியம் என்னும் சொல்லின் பொருளே செபக்கூடம் என்பதுதான்.

அவர் அங்கேயே தங்கியிருக்கலாம். குளிர்ந்த ஆலயம், உடன் செபிக்கும் தோழர்கள், ஒழுங்கான நாள், மதிப்புக்குரிய பதவி. அமைதியை விரும்புபவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த அமைதியில்தான் இலங்கையின் அழுகுரல் அவருக்கு மேலும் தெளிவாகக் கேட்டது. உண்மையான செபத்திற்கு இதுவே அடையாளம். பிறரின் துன்பத்திலிருந்து தப்பி ஒளிந்துகொள்வதற்காக நாடும் தனிமை, செபம் ஆகாது. அது சோம்பலின் மற்றொரு பெயராகவும் இருக்கக்கூடும். இறைவனோடு தனித்திருப்பவனின் செவி, அயலவனின் குரலுக்கு முன்னரைவிட அதிகமாகவே திறக்கின்றது. 1686இல் தலைமைப் பதவியைத் துறந்து, யோவான் என்னும் பணியாளரை மட்டும் துணையாகக் கொண்டு, அடிகளார் இலங்கையை நோக்கிப் புறப்பட்டார்.

குருவில்லாத நாட்டில்

அன்றைய இலங்கையின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1656இல் கொழும்பும், 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தரின் கைக்கு மாறின. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். ஆலயங்கள் பறிக்கப்பட்டன. குருவொருவருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று 1658இல் கட்டளை பிறந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நம் முன்னோர் திருப்பலியின்றி, பாவசங்கீர்த்தனமின்றி, நோயில் பூசுதலின்றி வாழ்ந்து மடிந்தனர்.

அந்த முப்பது ஆண்டுகளில் விசுவாசத்தைக் காத்தது எது? அதைக் காத்தவை வீடுகளே. விளக்கேற்றி, கதவை அடைத்து, குரலைத் தாழ்த்திச் செபமாலை சொன்ன தாய்மாரே, தந்தைமாரே, பாட்டிமாரே அதைக் காத்தனர். வெளியில் கேட்டுவிடக் கூடாதே என்னும் அச்சத்தோடு, அவர்களது செபம் மெல்லிய குரலில் எழுந்தது. நாம் இன்று நம்மைக் கத்தோலிக்கர் எனச் சொல்லிக்கொள்வதற்கு அந்த மெல்லிய குரல்களுக்கு எவ்வளவோ கடமைப்பட்டுள்ளோம்.

1687இல், கூலியாளின் கோலத்தில், தூத்துக்குடியிலிருந்து அடிகளார் படகேறினார். கடற்பயணம் மிகக் கொடியதாக அமைந்தது. மன்னாரை அடைந்து, பின்னர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது, கடும் வயிற்றோட்டத்தால் அவரும் யோவானும் மரணத்தின் விளிம்பில் இருந்தனர். இரக்கமுள்ள பெண்ணொருவர் கொடுத்த கஞ்சியே அவர்களைக் காத்தது என்று வரலாறு கூறுகின்றது. பெரும் திட்டங்களோடு வந்திறங்கிய குருவானவர், எதுவும் செய்ய இயலாமல், பிறர் ஊட்டும் கஞ்சிக்காகக் காத்துக் கிடந்தார். இலங்கையில் அவரது பணி இவ்வாறு படுக்கையில்தான் ஆரம்பமாயிற்று.

உடல் தேறியதும், கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டதும் எந்த வீட்டாரின் முகத்தில் மாற்றம் தோன்றுகின்றது என்று கவனித்தார். அவ்வாறே மறைந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டறிந்தார். தமிழைக் கற்றார். சில்லாலையில் தங்கி, இரவில் திருப்பலி நிறைவேற்றி, விடியுமுன் மறைந்து பணிபுரிந்தார். ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையாகி, கத்தோலிக்கர் பலர் பிடிபட்டு வதைக்கப்பட்டபோது, 1690 அளவில் புத்தளம் சென்றார். அங்கிருந்து, ஒல்லாந்தரின் ஆட்சிக்கு உட்படாத கண்டி இராச்சியத்தை நோக்கி, 1692இல் பயணமானார்.

கண்டியின் காவலில்

இப்போது அடிகளாரது வாழ்வின் முக்கியமான கட்டத்திற்கு வருகின்றோம்.

கண்டியில் இரண்டாம் விமலதர்மசூரியன் ஆட்சி புரிந்த காலம் அது. அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், வந்திருப்பவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று குற்றஞ்சாட்டினார். அடிகளார் கைதுசெய்யப்பட்டார். சிறையில் அடைபட்டார்.

அவரது இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். முழுத் தீவிற்கும் அவர் ஒருவரே குரு. வெளியே ஆயிரமாயிரம் பேர் அவருக்காகக் காத்திருக்கின்றனர். ஒவ்வொரு நாளும் எவரோ ஒருவர் திருவருட்சாதனம் இன்றி இறக்கின்றார். அவரோ நான்கு சுவர்களுக்குள்! நேரம் வீணாகின்றதே என்று துடிக்க எவருக்கேனும் உரிமை இருந்திருந்தால், அது அவருக்கே இருந்திருக்கும்.

அவர் அந்தக் காவலிலே செபித்தார். தியானித்தார். சிங்கள மொழியைக் கற்றார். ஓடுவதற்கு வழியில்லாத இடத்தில், ஓட்டத்திற்கு இதுவரை இடமின்றிப் போன அமைதியை இறைவன் தமக்குத் தந்திருப்பதாக ஏற்றுக்கொண்டார். இவரால் தீங்கில்லை என்று காவலர் கண்டுகொண்டதும், கட்டுப்பாடு சற்றே தளர்ந்தது. உடனே அவர் அங்கேயே ஒரு சிறு குடிலும் பீடமும் அமைத்தார். கண்டியில் இருந்த கத்தோலிக்கர் ஒருவர் இருவராக அங்கு வரத் தொடங்கினர். காவல்கூடம் செபக்கூடமாயிற்று. கோவாவில் விட்டுவந்த ஒறற்றோரியத்தை அவர் கண்டிக் காவலில் மீண்டும் கண்டெடுத்தார்.

அன்பார்ந்தவர்களே! இங்கேதான் அவரது வாழ்வு நம் வாழ்வைத் தொடுகின்றது. அமைதி என்பது எல்லாத் தொல்லைகளும் ஓய்ந்த பின்னர் தானாக வந்து சேர்வதன்று. ஓய்வு கிடைத்தால் செபிப்பேன் என்று காத்திருப்பவனுக்கு ஓய்வும் கிடைப்பதில்லை, செபமும் வாய்ப்பதில்லை. நம்மை அடைத்து வைத்திருக்கும் சுவர்களுக்கு உள்ளேயே அந்த அமைதிக்கு இடம் அமைக்க வேண்டும். நோயாளியின் படுக்கையருகே இருந்து நகர முடியாத மகளுக்கு அந்த அறைதான் கண்டிச் சிறை. வேலை இழந்து வீட்டில் இருக்கும் தந்தைக்கு அந்தக் காத்திருப்புத்தான் கண்டிச் சிறை. பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட, அடுக்குமாடி வீட்டில் தனித்திருக்கும் முதியவருக்கு அந்த வெறுமைதான் கண்டிச் சிறை. சுவர்களை நம்மால் அகற்ற முடியாமலிருக்கலாம். அவற்றுக்குள் ஒரு பீடம் அமைக்க நம்மால் முடியும்.

அமைதி தந்த துணிவு

பின்னர் நாட்டில் கடும் வறட்சி ஏற்பட்டது. மழைக்காகச் செபிக்கும்படி மன்னன் அடிகளாரைக் கேட்டான். அவர் வெளியிடமொன்றில் பீடம் அமைத்து, சிலுவையை நிறுத்தி, முழந்தாளிட்டுச் செபித்தார் என்றும், பெருமழை பொழிந்தது என்றும், அவரும் பீடமும் மட்டும் நனையவில்லை என்றும் மரபு கூறுகின்றது. இராச்சியம் எங்கும் சென்று பணியாற்ற மன்னன் அவருக்கு அனுமதி கொடுத்தான். இந்நிகழ்ச்சியை நாம் பெரும்பாலும் மழைக்காகவே நினைவுகூர்கின்றோம். ஊரே திரண்டு பார்த்துக்கொண்டிருக்க, எவரையும் பாராமல் முழந்தாளிட அவரால் எவ்வாறு முடிந்தது? எவரும் பாராத காவலில், நாள்தோறும் அவ்வாறே முழந்தாளிட்டுப் பழகியிருந்தார் என்பதே அதற்கு விடை.

விடுதலை பெற்றதும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. ஒல்லாந்தரின் பிடியிலிருந்த கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் மறைவாக வந்து, இரவு வேளைகளில் மக்களைச் சந்தித்துத் திருவருட்சாதனங்களை வழங்கினார். நாம் இன்று வாகனத்தில் விரைந்து செல்லும் இந்த நகரத்தில், வெறுங்காலுடன், ஓசையின்றி, வீட்டுக்கு வீடு நடந்த குருவானவர் அவர். கொச்சி ஆயர் அவரைக் குருமுதல்வராக நியமித்தார். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் இத்தீவின் ஒரே குருவாக உழைத்த பின்னரே, 1696, 1697ஆம் ஆண்டுகளில், கோவாவிலிருந்து ஒறற்றோரியன் குருக்கள் துணைக்கு வந்து சேர்ந்தனர். பத்து ஆண்டுகள்! உடன்குரு ஒருவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவும், மனம்விட்டுப் பேசவும் வழியில்லாத தனிமை. மனிதத் துணை மட்டுமே தெரிந்த ஒருவரை அத்தனிமை உடைத்திருக்கும்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னனும் வசதி படைத்தோரும் நகரை விட்டு அகன்றனர். நோயுற்றோர் காட்டோரங்களில் கைவிடப்பட்டனர். அடிகளாரும், அவருடைய உறவினரான யோசப் கார்வாலோ அடிகளாரும், அவர்களைத் தேடிச் சென்றனர். குடில்கள் அமைத்து, காயங்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரைத் தங்கள் கைகளாலேயே அடக்கம் செய்தனர். எந்தச் சமயத்தவர் என்று கேட்கவில்லை.

நாள் முழுதும் சாவின் நடுவே நிற்பவன் இரவில் எங்கே இளைப்பாறுவான்? அடிகளார் இரவின் பெரும்பகுதியைச் செபத்தில் கழித்தார் என்பர். உறக்கத்தைக் குறைத்துச் செபித்தவர் சோர்ந்து விழுந்திருக்க வேண்டுமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் அன்பு செய்பவரோடு கழிக்கும் நேரம் களைப்பைத் தருவதில்லை, களைப்பை ஆற்றுகின்றது. நெடுநேரம் பயணம் செய்து வீடு வந்த தந்தை, தன் குழந்தையை மடியில் வைத்திருக்கும்போது களைப்பை மறப்பதை நாம் அறிவோம். இறைவனின் மடியில் நாம் குழந்தைகளாக அமரும்போது நடைபெறுவதும் இதுவே.

ஆயர் பதவி தமக்கு வழங்கப்படவிருந்தபோது அதனை அவர் தாழ்மையோடு மறுத்தார். 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் அவரது பணியைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுத்தாக்கினார். தவக்காலத்தில் நம் ஆலயங்களில் இன்றும் ஒலிக்கும் வியாகுலப் பிரசங்கம், சாங்கோபாங்க சுவாமி என நாம் அறிந்திருக்கும் அந்தக் குருவானவரின் கொடையே. யோசப்வாஸ் அடிகளார் ஊன்றிய வேரில் பூத்த மலர் அது.

அமைதியான மரணம்

பல ஆண்டு உழைப்பால் உடல் தளர்ந்து, 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் திகதி, கண்டியில் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 59. வாழ்நாள் முழுதும் செய்யாமல் விட்டதை மரண வேளையில் எளிதாகச் செய்துவிட முடியாது என்பதே தம் தோழர்களுக்கு அவர் விட்டுச்சென்ற இறுதி அறிவுரையாகப் போற்றப்படுகின்றது. ஆம், செபமும் அப்படியே. வாழ்நாளெல்லாம் அமைதியாக அமர்ந்து பழகாதவனுக்கு, மருத்துவமனைக் கட்டிலில் அந்தப் பழக்கம் திடீரென வந்துவிடுவதில்லை. அடிகளாருக்கோ மரணமும் பழகிய செபத்தின் தொடர்ச்சியாகவே அமைந்தது.

அவர் அடக்கம் செய்யப்பட்ட ஆலயம் பின்னர் அழிந்துபோயிற்று. கல்லறை இருந்த இடமும் இன்று அறியப்படவில்லை. வாழ்வில் மறைந்திருந்து உழைத்தவர் மரணத்திலும் மறைந்தே இருக்கின்றார். ஆயினும் திருச்சபை அவரை மறக்கவில்லை. 1995 சனவரி 21இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரைக் காலிமுகத்திடலில் அருளாளராக உயர்த்தினார். 2015 சனவரி 14இல், அதே திடலில், பல இலட்சம் மக்கள் முன்னிலையில், திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் முதல்நாள் இரவே சென்று அங்கு காத்திருந்தவர்கள் இப்பக்கத்தை வாசிப்போரிடையேயும் இருப்பீர்கள். அன்று பிற்பகல் திருத்தந்தை மடு அன்னையின் திருத்தலத்திற்கும் சென்றதை நாம் மறக்கவில்லை.

நம் வீட்டில் ஒரு பீடம்

அடிகளாரின் பிறந்த நாள் ஏப்பிரல் 21 என்று கண்டோம். 2019இல் அதே நாள் உயிர்த்த ஞாயிறாக அமைந்தது. அன்று காலை கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பிலும் நிகழ்ந்தவற்றை விரித்துரைக்கத் தேவையில்லை. கொட்டாஞ்சேனையின் பல வீடுகளில் அந்த நாள் இன்னும் முடியவில்லை. அடுத்த ஞாயிறு கொழும்பின் ஆலயங்களில் மக்கள் கூடித் திருப்பலி காண இயலவில்லை. பேராயர் ஒப்புக்கொடுத்த திருப்பலியைத் தொலைக்காட்சியில் கண்டோம். மூடிய கதவுகளுக்குப் பின்னால், குரல் தாழ்த்தி, வீட்டிலிருந்தே செபித்தோம். நம் முன்னோர் முப்பது ஆண்டுகள் செபித்தவாறே நாமும் அந்நாள்களில் செபித்தோம்.

2019 யூன் 12ஆம் திகதி கொச்சிக்கடைத் திருத்தலம் மீண்டும் அர்ச்சிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. சுவர்கள் புதுப்பிக்கப்பட்டன. உள்ளங்கள் அவ்வளவு விரைவில் புதுப்பிக்கப்படுவதில்லை. அதற்கு நீண்ட காலமும், நிறைந்த அமைதியும் தேவை. இழப்பைச் சுமந்திருப்போருக்கு அறிவுரைகள் உதவுவதில்லை. நற்கருணை நாதரின் முன் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருக்கும் வேளை உதவுகின்றது. கோபம் இருந்தால் கோபத்தோடும், கண்ணீர் இருந்தால் கண்ணீரோடும் அங்கு அமரலாம். கண்டிக் காவலில் அடிகளாரோடு இருந்தவர் அங்கும் நம்மோடு இருக்கின்றார்.

எனவே, அன்பார்ந்த குடும்பங்களே, இந்த வாரம் ஒரு சிறு முயற்சியை மேற்கொள்வோமா? நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடங்களை ஒதுக்குவோம். வீட்டில் ஒரு மூலையைத் தெரிவு செய்வோம். அறை இல்லையெனில் ஒரு கதிரை போதும். கதிரைக்கும் இடமில்லையெனில் பாயின் ஓரம் போதும். கைத்தொலைபேசியை அடுத்த அறையிலோ, அலுமாரியிலோ வைத்துவிடுவோம். சிலுவை அடையாளம் வரைந்து, அன்றைய நற்செய்திப் பகுதியை ஒருமுறை மெதுவாக வாசிப்போம். பின்னர் ஒன்றும் கேட்காமல், ஒன்றும் சொல்லாமல், சற்று நேரம் இறைவனின் முன் இருப்போம். மனம் ஓடும், கடன் நினைவுக்கு வரும், நாளைய சமையல் நினைவுக்கு வரும். வரட்டும். அவற்றையும் அவர் முன் வைத்துவிட்டு மீண்டும் திரும்புவோம். பதினைந்து நிமிடத்தில் பத்து முறை மனம் ஓடினால், பத்து முறை ஆண்டவரிடம் திரும்பி வந்திருக்கின்றோம் என்று பொருள்.

பெற்றோரே, பிள்ளைகள் உங்களை அந்நிலையில் காணட்டும். செபிக்குமாறு நூறு முறை சொல்வதைவிட, செபித்திருக்கும் தாயை ஒருமுறை காண்பது பிள்ளையின் உள்ளத்தில் ஆழமாகப் பதியும். முதியோரே, உங்கள் தனிமை பயனற்றதன்று. பிள்ளைகளுக்காகவும் பேரப்பிள்ளைகளுக்காகவும் நீங்கள் ஏந்தும் செபமாலையின் பலன் அவர்கள் வாழும் நாடுகள் வரை செல்கின்றது. வீட்டில் அதற்கும் இயலாதோர், கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்திலோ, வெள்ளவத்தை புனித லோரன்ஸ் ஆலயத்திலோ, வேலைக்குச் செல்லும் வழியில் ஐந்து நிமிடம் தரித்துச் செல்லலாம். கதவு மூடியிருந்தால்? பெனோலிம் சிறுவனைப் போல வாசலில் நின்றே செபித்துவிட்டுச் செல்லலாம்.

இப்பதினைந்து நிமிடங்களால் கடன் தீராது. நோய் உடனே அகலாது. காலி வீதியின் இரைச்சலும் குறையாது. ஆனால் அவற்றின் நடுவே நிற்கும் மனிதர் மாறியிருப்பார். அடிகளாரைச் சிறைக்கு அனுப்பியவர்கள் அவரது பணியை முடித்துவிட்டதாக எண்ணினர். அவரோ அங்கே புதுவலிமை பெற்று வெளியே வந்தார்.

அமைதியின் ஆண்டவரே, எங்களை அடைத்திருக்கும் சுவர்களை நீர் அறிவீர். அவற்றுக்குள் உமக்கென ஒரு சிறு பீடம் அமைக்க எங்களுக்குக் கற்றுத் தாரும். புனித யோசப்வாஸ் அடிகளாரின் வேண்டுதலால், சோர்ந்த எங்கள் உள்ளங்கள் உம்மில் இளைப்பாறி, அயலவரின் துயர் துடைக்கப் புதுவலிமை பெறுவனவாக. ஆமென்.